பன்னிரண்டாவது துப்பாக்கியின் சொந்த ஊர்

காக்களூர்,
3 பிப்ரவரி 2025.

அன்புள்ள அசன்,

நான்கு நாள் தீவிர ஆலோசனைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி உனக்கு இன்லேண்ட் லெட்டரில் எழுதுவதில்லை. கவரில்தான் எழுதுவது. இன்லேண்ட் லெட்டரைப் பிரிக்கும்போது ஓரத்தில் இரண்டு வரி கிழிந்துபோகும். புழலில் கைதிகளுக்கு வரும் கடிதங்களைப் படித்துப் பார்க்கும் அய்யாவுக்கு, அந்த இரண்டு வரியில் என்ன இருந்ததோ என்ற சந்தேகம் வரும். கவர் என்றால் அந்தப் பிரச்சினை இல்லை. இதை மெர்சிக்கு விளக்கினேன். "மனுசன் உள்ள போயி பதினேழு நாளாவுது. நீ கவரா லெட்டரானு பட்டிமன்றம் நடத்திக்கினு இருக்கற" என்றாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் என்னுடைய முக்கியமான முடிவு எதையும் அவள் மதித்ததில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரை நேரத்துக்குக் கிடைக்கிறதா? மெர்சி போன வாரம் பெரியபாளையத்தில் பஸ் மாறி கும்மிடிப்பூண்டிக்குப் போய் உன் வீட்டில் மெஹர்னிசாவைப் பார்த்துவிட்டு வந்தாள். நானும் போயிருக்கலாம். முழங்கால் வலி. வலி உண்மைதான், ஆனால் அன்று மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

இன்னொரு செய்தி. உங்கள் இரும்பு உருக்கும் கம்பெனி யார்டுக்குக் கன்டெய்னரில் பழைய இரும்போடு வந்த அந்தத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் என்னிடம் காட்டினார்கள். ஆய்வக அறிக்கை வர எட்டு மாதம் ஆகுமாம். அதுவரைக்கும் வழக்குக்கு ஒரு முதல் கருத்து வேண்டுமாம். மாவட்ட ஆயுதப்படையில் முப்பத்திரண்டு வருடம் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்தவன் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். போனேன். நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. பணியில் இருந்த காலத்தில் அந்த ஸ்டேஷனில் எனக்கு இரண்டும் கிடைத்ததில்லை.

இரும்புக்கு நடுவே ஒரு பெட்டியில் கிடைத்த பதினொன்றும் துருக்கட்டி. ஒன்றின் பிடியில் நட்சத்திரமும் கோதுமைக் கதிரும் சுத்தியலும் சேர்ந்த சின்னம் தெரிந்தது. ஹங்கேரி. ரஷ்யர்களின் டோகரேவ் துப்பாக்கியைப் பார்த்து அவர்கள் செய்தது. பன்னிரண்டாவது, அதாவது உன் லாக்கரில் எடுத்தார்கள் என்று சொல்கிறார்களே, அது வேறு மாதிரி. பிளாஸ்டிக் பிடி. கட்டைவிரலுக்கு ஒரு பாதுகாப்புப் பூட்டு. குழாய் ஒன்பது மில்லி. "வேறு தயாரிப்பு, வேறு நாடாக இருக்கலாம், நல்ல பராமரிப்பில் உள்ளது, பிடி கழற்றப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன், அசன். உன்னை எனக்குத் தெரியுமா என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்புடன்,
ராஜமாணிக்கம்

*

புழல்,
16 பிப்ரவரி 2025.

அன்புள்ள மாணிக்கம் அண்ணனுக்கு அசன் எழுதுவது. இதை முதலில் படிக்கும் அய்யாவுக்கும் சலாம்.

கவர் கிடைத்தது. ஒரு வரிகூடக் கிழியவில்லை. உங்கள் முடிவு சரிதான் என்று மெர்சி அக்காவிடம் சொல்லுங்கள்.

மாத்திரை தருகிறார்கள். சோறு பரவாயில்லை. எங்கள் அறையில் எட்டுப் பேர். எனக்கு 'துப்பாக்கி பாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். செவ்வாப்பேட்டைக்காரன் ஒருவன், செயின் கேஸ், வந்த அன்றைக்கே கேட்டான்: "இன்னா பாய், மெய்யாலுமே உன்னுதா அது?" இல்லப்பா, கன்டெய்னர்ல வந்தது என்றேன். "அத்தைத்தான் நானும் சொன்னேன், செயினு ரோட்ல கெடந்துச்சுனு" என்றான். இங்கே எல்லாருடைய பொருளும் எங்கிருந்தோ வந்ததுதான்.

வக்கீல் வந்திருந்தார். சின்ன வயதுக்காரர். ஒளிக்காமல் பேசுகிறார். "பாய், கன்டெய்னர்ல வந்துச்சுனு நிரூபிச்சா இது வேற கேஸு. எடுத்து வெச்சதுக்குத் திட்டு வாங்கி, கோர்ட்டு இன்னா சொல்லுதோ அத்தோட போவும். வெளியில வாங்கி வெச்சிருந்தனு ஆச்சுனா ஏழு வருசத்துக்குக் கொறயாது. இப்ப எல்லாம் அந்த ஆர்மரர் ரிப்போர்ட்லதான் மாட்டிக்கினு கீது" என்றார். அந்த ஆர்மரரை உனக்குத் தெரியுமா என்று கேட்டார். கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

இன்ஸ்பெக்டரும் அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் கேட்டார். "பதினொண்ணு துரு. ஒண்ணு மட்டும் பளபளன்னு இருக்குது. எப்படிய்யா?" அல்லாவுக்குத்தான் தெரியும் சார் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் பேப்பரில் என் பெயரும் 'வெளிநாட்டுத் துப்பாக்கி' என்ற வார்த்தையும் ஒரே வரியில் வந்ததாம். எந்த வெளிநாடு என்று போடவில்லை. என் பெயர் இருந்ததால் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவாய் என்றும் கேட்டார்கள். எங்கேயும் போகமாட்டேன், வீட்டில்தான் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே நீங்கள் எதற்கும் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும் அண்ணே. அது எந்த நாடு? அறையில் ஆளுக்கொரு நாடு சொல்கிறார்கள். செவ்வாப்பேட்டைக்காரன் ஜப்பான் என்று அடித்துச் சொல்கிறான். கண்டுபிடித்தால் எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
அசன் முகைதீன்

*

காக்களூர்,
3 மார்ச் 2025.

அன்புள்ள அசன்,

ஜப்பான் இல்லை.

கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு வாரம் தேடினேன். பழைய கையேடுகள், கம்ப்யூட்டரில் யாரோ ஒரு ஜெர்மன்காரர் போட்டிருந்த படங்கள். மெர்சி பிரார்த்தனைக் கூட்டத்துக்குத் தனியாகப் போனாள். "கர்த்தருக்குக்கூட இவ்ளோ நேரம் குடுத்ததில்ல இந்த ஆளு" என்று அங்கே சாட்சி சொல்லியிருக்கிறாள்.

அதுவும் ஹங்கேரிதான். எகிப்து ராணுவம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு வாக்கில் ஆர்டர் கொடுத்தது. டோகரேவ் மாதிரியே வேண்டும், ஆனால் ஒன்பது மில்லி வேண்டும், பூட்டு வேண்டும், பிடி கைக்கு அடக்கமாக வேண்டும் என்று கேட்டது. கேட்டபடியே செய்தார்கள். பெயரைக்கூட டோகரேவில் பாதி, எகிப்தில் பாதி எடுத்து வைத்தார்கள். கொஞ்சம் வாங்கியபின் ராணுவம் வேண்டாம் என்றுவிட்டது. மீதியை மூன்றாவதாக ஒரு நாட்டில் கடைச் சரக்காக விற்றார்கள். பிறந்த நாடு ஒன்று, யாருக்காகப் பிறந்ததோ அந்த நாடு இன்னொன்று, வந்து சேர்ந்த நாடு வேறு. அதனால்தான் எனக்கு முதலில் பிடிபடவில்லை. அதன் முகத்தைப் பார்த்து ஊரைச் சொல்ல முயன்றேன்.

பதினொன்றும் இதுவும் ஒரே தொழிற்சாலை. அப்படியானால் ஒரே பெட்டியில் வந்திருப்பதற்கு எல்லா நியாயமும் உண்டு. அதாவது நீ சொல்வது உண்மை, என் ரிப்போர்ட் தப்பு. வாழ்க்கையில் முதல் முறையாக என் தப்பைக் கண்டு சந்தோஷப்பட்டேன். மறுநாளே ஸ்டேஷனுக்குப் போனேன். முழங்கால் வலிக்கவில்லை.

இந்த முறையும் நாற்காலி. இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரே ஃபேக்டரினு எப்படி சார் சொல்றீங்க?"

"பிடிய கழட்டினா உள்ள சட்டத்துல ஒரு குட்டி முத்திரை இருக்கும் அய்யா. பதினொண்ணுல ஒண்ண இப்பவே கழட்டிக் காட்டறேன். அதே முத்திரை பன்னெண்டாவதுலயும் கீது."

கழற்றிக் காட்டினேன். முத்திரை இருந்தது. அவர் சிரித்தார்.

"சரி. பன்னெண்டாவது சீல் வெச்சு லேபுக்குப் போயிடுச்சு. அதுல இருக்குதுனு உங்களுக்கு எப்படித் தெரியும்? பிடி கழற்றப்படவில்லைனு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான், "ஒரு அனுமானந்தான் அய்யா" என்றேன்.

"அனுமானத்த எல்லாம் சேர்த்துக்க முடியாது சார். அப்புறம், ரெண்டும் ஒண்ணா வந்துச்சுனே வெச்சுக்குவோம். இது மட்டும் ஏன் எண்ணெ தேச்சுக் குளிச்ச மாதிரி இருக்குது?"

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நாட்டைச் சொல்லிவிட்டேன் அல்லவா. செவ்வாப்பேட்டைக்காரரிடம் சொல்.

ராஜமாணிக்கம்

*

புழல்,
24 மார்ச் 2025.

அன்புள்ள அண்ணனுக்கு,

ஹங்கேரி என்று சொன்னதும் அறையில் ஒருவரும் நம்பவில்லை. அப்படி ஒரு நாடு துப்பாக்கி செய்யுமா என்கிறார்கள். வேண்டாம் என்று திருப்பிய கதையைச் சொன்னேன். அது எல்லாருக்கும் பிடித்திருந்தது. "நம்ம கேஸு மாரியே கீதுபா" என்றான் செவ்வாப்பேட்டைக்காரன்.

நோன்பு நடக்கிறது. விடியுமுன் சாப்பாடு கொடுத்துவிடுகிறார்கள். மாலையில் கஞ்சி வருகிறது. மெஹர்னிசாவின் கஞ்சி இல்லை, ஆனால் கஞ்சிதான். பெருநாளுக்கு வெளியே வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஜாமீன் மனு போன வியாழக்கிழமை தள்ளுபடி ஆனது. உங்கள் ரிப்போர்ட்டை அரசு வக்கீல் இரண்டு முறை வாசித்தாராம். தமிழ் நன்றாக இருந்தது என்று நம் வக்கீல் சொன்னார்.

மெஹர்னிசா மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்தாள். கம்பெனியில் என் கணக்கை முடித்து வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அழவில்லை. தெருக் குழாயில் இவள் குடம் வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்களாம், அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். ஷஹனாஸுக்கு நர்சிங் கடைசி வருடம். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்கிறார்கள். அப்பா பெயரை எழுதும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம் பிள்ளை.

மெஹர்னிசா கேட்டாள்: "ஒங்க அண்ணன் ஏன் ஒரு நாளுகூட வந்து பாக்கல? அக்கா வருது, அவுரு வரல. ஞாயித்துக்கெழமன்னா அவுரு ஊடே கதின்னு கெடந்தீங்களே, அந்தப் பெரிய மனுசன் இன்னா ஆனாரு?" முழங்கால் வலி என்றேன். "துப்பாக்கி பாக்கப் போவறதுக்கு மட்டும் முழங்கால் நல்லாருக்குதா?" என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது அண்ணே. நான் சொல்லவில்லை. கோபத்தில் பேசுகிறாள்.

இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன். உங்களுக்கும் மெர்சி அக்காவுக்கும் பெருநாள் வாழ்த்து இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அசன்

*

காக்களூர்,
2 ஏப்ரல் 2025.

அன்புள்ள அசனுக்கும், இந்தக் கடிதத்தை முதலில் படிக்கும் அய்யாவுக்கும்,

அய்யா, இது உங்களுக்கும் சேர்த்து எழுதுவது. படித்தபின் இதை அசனிடம் கொடுக்குமுன் மேலே யாருக்கு அனுப்ப வேண்டுமோ அனுப்புங்கள். இதன் நகலை இன்று காலை ஸ்டேஷனிலும் வக்கீலிடமும் கொடுத்துவிட்டேன். ஸ்டேஷனில் இன்று நாற்காலி போடவில்லை.

அசன் முகைதீனை எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். உதவாது என்று கண்டம் செய்த போலீஸ் துப்பாக்கிகளை உருக்குவதற்கு லாரியில் ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி ஃபர்னஸுக்குப் போவது ஆர்மரர் வேலை. கடைசித் துப்பாக்கி கரைகிறவரை அங்கேயே நின்று எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் முறை போனபோது நான் வெறும் கண்ணோடு நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அசன் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான். "போட்டுக்க சார். துப்பாக்கி போனா போவுது, கண்ணு போனா கவர்மெண்ட்டு வேற குடுக்காது" என்றான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தான். பழைய இரும்பில் விநோதமாக எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு வருவான். குண்டின் பித்தளை மூடி, குறிபார்க்கும் கண்ணாடியின் வளையம், எந்த ராணுவத்துடையது என்று தெரியாத பொத்தான். "இது எந்த ஊருண்ணே?" என்பான். நான் சொல்லுவேன். வித்தியாசமாக எது வந்தாலும் எடுத்து வை என்று அவனுக்குச் சொன்னவனே நான்தான்.

ஜனவரி 5, ஞாயிறு. ஒரு எஞ்சின் உறைக்குள் சிக்கியிருந்த துப்பாக்கியை அசன் என் வீட்டுக்குக் கொண்டுவந்தான். பெட்டி இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது. முழுக்கத் துரு. "ஊரு இன்னானு மட்டும் பாத்துச் சொல்லுண்ணே. நாளைக்கே மேனேஜர்கிட்ட குடுத்துடணும்" என்றான். எனக்கு ஊர் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு வாரம் இருக்கட்டும் என்றேன்.

அந்த வாரம் நான் அதைச் சுத்தம் செய்தேன். ஏன் என்று இன்ஸ்பெக்டர் இன்று நாலு முறை கேட்டார். துருப்பிடித்த துப்பாக்கி முன்னால் வைத்தால் ஆர்மரரின் கை சும்மா இருக்காது. வேறு காரணமில்லை. பிடியைக் கழற்றினேன். அப்போதுதான் உள்ளே முத்திரையைப் பார்த்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். குழாயைத் தேய்த்தேன். எண்ணெய் போட்டேன். சுடும் விசைக்கொக்கியின் சுருள் கம்பி உடைந்திருந்தது. பணியில் இருந்தபோது கண்டச் சாமான்களில் இருந்து ஒரு டப்பா சுருள்கள் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். எடுத்து வந்திருக்கக் கூடாது. அதில் ஒன்றை அளவுக்கு வெட்டிப் போட்டேன். ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தால் அந்தச் சுருள் ஹங்கேரியுடையது இல்லை, நம் ஆயுதக் கிடங்குடையது என்று தெரியும். பழைய சுருளையும், டப்பாவையும், தேய்த்த பிரஷ்ஷையும் இன்று ஒப்படைத்துவிட்டேன். பிரஷ்ஷில் துரு அப்படியே இருக்கிறது.

12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அசனிடம் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் போகி. மேனேஜர் ஊருக்குப் போய்விட்டார். அசன் லாக்கரில் வைத்துப் பூட்டினான். 17ஆம் தேதி கிரேன் தூக்கிய இரும்புக் குவியலிலிருந்து பெட்டி விழுந்தது, போலீஸ் வந்து லாக்கர்களைத் திறந்தது. 6ஆம் தேதியே அது மேனேஜர் மேஜைக்குப் போயிருந்தால், பெட்டி விழுந்த அன்று பதினொன்றோடு பன்னிரண்டு என்று எண்ணியிருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அசன், இனி உனக்கு.

நான் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் நீ உள்ளே போயிருக்கமாட்டாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டில் 'நல்ல பராமரிப்பில் உள்ளது' என்று எழுதினேன் பார், அதைத்தான் பொறுக்க முடியாது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாக இருந்தது. வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. வெளியே வரும்போதுதான் என்ன எழுதினேன் என்று உறைத்தது. அதன்பிறகு பென்ஷன் ஞாபகம் வந்தது. பிறகு மெர்சியின் ஆஸ்பத்திரி கார்டு. பிறகு இந்த வயதில் நானும் புழலுக்குப் போவேனா என்ற பயம். ஒவ்வொன்றாக வந்தன. உன் ஞாபகம் கடைசியில்தான் வந்தது.

நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. உன் கடிதம் ஒவ்வொன்றையும் பயந்துகொண்டே பிரித்தேன், திட்டியிருப்பாயோ என்று. திட்டாததைப் பார்த்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஷஹனாஸ் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எழுதியிருந்தாயே, அதை மெர்சிக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. "சட்டைய மாட்டு" என்றாள். மறுநாள் பெருநாள், ஸ்டேஷனில் யாரும் இருக்கமாட்டார்கள் என்றேன். "சரி, ஒரு நாளு. அதுக்கு மேல ஒரு நாளு தள்ளின, நானே போயி சொல்லிடுவேன்" என்றாள். அதிலும் இன்னொரு நாள் தள்ளினேன். இன்று காலை அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபிறகுதான் கிளம்பினேன்.

ராஜமாணிக்கம்

*

கும்மிடிப்பூண்டி,
15 ஜூன் 2025, ஞாயிறு.

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். எட்டு மாதம் என்றவர்கள், உங்கள் வாக்குமூலம் போனதும் ஆய்வகத்தில் சீக்கிரமே பிடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். முத்திரை இருந்தது. சுருளும் நீங்கள் சொன்ன சுருள்தான். 'அயல்நாட்டுத் தொடர்பு' என்ற பிரிவை எடுத்துவிட்டார்கள். கிடைத்ததை ஒப்படைக்காமல் வைத்திருந்த குற்றம் மட்டும் என்மேல் நிற்கிறது. எடுத்துவிட்டதைப் பேப்பரில் போடவில்லை.

உங்கள் பென்ஷனை நிறுத்தி வைத்திருப்பதாக மெர்சி அக்கா சொன்னார்கள். நீங்கள் முன்ஜாமீனில் இருக்கிறீர்கள் என்றும் சொன்னார்கள். முழங்காலுக்கு ஆபரேஷன் தேதி கொடுத்திருந்தார்களே, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை எங்கள் அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் செவ்வாப்பேட்டைக்காரன், "அந்த மனுசன் மேல கோவமா பாய்?" என்றான். இல்லை என்றேன். பொய். நான் உள்ளே இருந்தது நூற்று நாற்பத்தெட்டு நாள். அதில் முதல் எழுபத்தைந்து நாள் உங்களுடையது. மீதி எழுபத்து மூன்றும் கோர்ட்டுடையது. கோர்ட்டு எனக்குச் சொந்தமில்லை, அதனால் அந்தக் கோபம் ஆறிவிட்டது. உங்கள் எழுபத்தைந்து இன்னும் ஆறவில்லை. ஆறும் என்றுதான் நினைக்கிறேன். ஆறுவதற்கு நேரில் வந்து உங்களை நாலு வார்த்தை நன்றாகத் திட்ட வேண்டும். மெஹர்னிசா தானும் வருகிறேன் என்கிறாள். அவளிடம் வார்த்தை அதிகம்.

உங்களைப் போலீஸில் சொல்லிவிடலாம் என்று எனக்கும் இரண்டு முறை தோன்றியது. நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். அதில் ஒரு பிடிவாதம் இருந்தது. அதற்கு ஷஹனாஸ் ஒரு வருடத்தைக் கொடுத்திருக்கிறாள். அடுத்த வருடம் பயிற்சிக்குப் போவாள். ஆகையால் எல்லாத் தப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டாம் அண்ணே, கொஞ்சம் எனக்கும் வையுங்கள்.

நாளை காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் என் முதல் கையெழுத்து. அப்போதிலிருந்து ஜாமீன் நிபந்தனைகள் அமலுக்கு வருகின்றன என்று வக்கீல் சொன்னார். நிபந்தனை எண் நான்கின்படி, முதல் எதிரியாகிய நானும் இரண்டாம் எதிரியாகிய நீங்களும் வழக்கு முடியும்வரை சந்திக்கவோ, பேசவோ, கடிதம் எழுதவோ கூடாது. வழக்கு முடிய ஆறு வருடம் ஆகும் என்கிறார். ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமைதான், இந்தக் கடிதத்தை நானே கையில் கொண்டுவருகிறேன்.

உங்கள் தம்பி,
அசன் முகைதீன்